மன்னர் மிதித்த ஏழு முழம்

நெடுமாட நாட்டை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. வரைபடம் வரைகிற அதிகாரி மன்னரின் புகழுக்கு ஏற்றபடி ஆண்டுதோறும் எல்லையை நீட்டிக்கொண்டே போனதில், நாடு தாளைவிட்டே வெளியே போய்விட்டது. மற்றபடி நல்ல நாடுதான். மழை பெய்யும், நெல் விளையும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடிகளுக்கு முழுமையாக உண்டு. வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் பரிசீலனையில் இருந்தது.

அந்த நாட்டின் தலைநகரில், தென்கோடியில், ஐந்து தெருக்கள். ஐந்து தெருக்காரர்களும் காலை நீட்டி உட்காருவதற்கு இருந்த ஒரே இடம் குடிமகிழ் பூங்கா. அங்கே தோட்ட வேலை பார்த்தவள் செண்பகவடிவு. அவளுடைய எட்டு வயது மகள் பூரணி உட்பட அந்தத் தெருக்களின் பிள்ளைகள் எல்லாம் ஓடி விளையாடுவது அங்கேதான். வேறு இடத்தில் விளையாட வேண்டுமென்றால் யாராவது ஒருவருடைய மாட்டுவண்டிக்கு அடியில்தான் விளையாட வேண்டும்.

பூங்காவுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. முப்பது ஆண்டு காலம் அரசாங்கக் கொடிகளுக்கு ஊதாச் சாயம் போட்ட பட்டறை அந்த இடத்தில்தான் இருந்தது. நடத்தியவர் அரச குடும்பத்து மாப்பிள்ளை. சாயக் கழிவை எல்லாம் பக்கத்தில் ஒரு பெரிய குழி வெட்டி ஊற்றினார்கள். குழி நிறைந்ததும் பட்டறையை வேறு ஊருக்கு, அதாவது வேறு குழிக்கு, மாற்றினார்கள். இப்போதைய மன்னர் ஏழாம் கீர்த்திவர்மரின் தந்தையார் குழியின் மேல் இரண்டு சாண் செம்மண் பரப்பி, புல் நட்டு, நடுவில் தமக்கொரு சிலையும் வைத்துப் பூங்கா என்று திறந்துவைத்தார். குடிகள் கைதட்டினார்கள். அந்த நாட்டில் திறப்பு விழா என்றால் கைதட்டுவது வழக்கம். எதைத் திறக்கிறார்கள் என்று பார்ப்பது வழக்கமில்லை.

செண்பகவடிவு கைதட்டவில்லை என்று சொல்ல முடியாது. அவளும் தட்டினாள். ஆனால் மண்ணில் கை வைத்த பிறகு அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளில் அந்த மண்ணில் ஒரு மண்புழுவைக்கூட அவள் கண்டதில்லை. நட்ட செடி நாலாம் மாதம் கருகும். மழை பெய்தால் புல்லுக்கு நடுவே ஊதா நிறத்தில் தண்ணீர் கசியும். வெறுங்காலோடு விளையாடிய பிள்ளைகளுக்குப் பாதத்தில் சிவந்து சிவந்து புண் வந்தது. பூரணிக்கு ஆறியதும் மறுபடி வந்தது. பூங்காவுக்குப் போகாதே என்றால் பிள்ளை கேட்குமா? தாய்க்காரி வேலை பார்க்கிற இடம் அது.

ஆகவே அவள் மனு எழுதினாள். இந்த மண்ணை வெட்டி எடுத்துவிட்டு நல்ல மண் போட்டுத் தாருங்கள் என்பதுதான் மனு. மாதத்துக்கு ஒன்று என்று மூன்று ஆண்டில் முப்பத்தாறு மனு கொடுத்தாள்.

மனு என்று வந்தால் நடவடிக்கை எடுக்காமல் விடுகிற அரசாங்கம் இல்லை அது. தலைமை அமைச்சர் அகண்டமூர்த்தி உடனே மண் பரிசோதனைத் தலைவர் சாந்தலிங்கனாரை அழைத்து ஆராயச் சொன்னார். பத்தே நாளில் அறிக்கை வந்தது. பூங்காவின் மண் சர்க்கரைபோல் இருப்பதாகவும், அள்ளிச் சாப்பிடாமல் இருப்பது தமக்கே பெரும்பாடாகிவிட்டது என்றும் சாந்தலிங்கனார் எழுதியிருந்தார். எந்த இடத்தில் மாதிரி எடுத்தீர் என்று அமைச்சர் ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

“பூங்கா மண்ணைத் தொட்டால் கை அரிக்கும் என்று மனுவிலேயே எழுதியிருந்தார்கள். ஆகவே மாதிரியை அரண்மனைத் தோட்டத்தில் எடுத்தேன்” என்றார் சாந்தலிங்கனார்.

“விவேகம்” என்றார் அமைச்சர்.

முதல் ஆணை பிறந்தது. பூங்காவின் மண் தூயது, முன்பும் தூயது, இனிமேலும் தூயதாகவே இருக்கும். புண் வருகிறது என்று சொல்வோர் புண் வரவழைத்த குற்றத்துக்கு ஆளாவர்.

புண் ஆணையைப் படிக்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. அதனால் இரண்டாம் ஆணை வந்தது. காலில் புண் உள்ளவர்கள் பூங்காவுக்குள் நுழையக் கூடாது. வாசலில் ஒரு காவலரை நிறுத்திப் பிள்ளைகளின் பாதத்தைத் திருப்பிப் பார்த்து அனுப்பினார்கள். ஐந்து தெருப் பிள்ளைகளும் வெளியே நின்றார்கள். மாதக் கடைசியில் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்து, பூங்காவில் புண் உள்ளவர் ஒருவர்கூட இல்லை என்று கண்டறிந்தார்கள். அரசின் முயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்று முரசறைந்தார்கள். பூரணி அன்றைக்கு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். 

மூன்றாம் ஆணைதான் எல்லாவற்றுக்கும் மேலே. புல் கருகிக் கிடப்பது பார்வைக்கு நன்றாக இல்லை என்று அமைச்சர் கருதினார். மாப்பிள்ளையின் பட்டறையிலிருந்து நாற்பது பானை பச்சைச் சாயம் வந்தது. செண்பகவடிவையே ஊற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். வேறு ஆளை வைத்து ஊற்றினார்கள். பூங்கா பச்சைப் பசேல் என்று ஆயிற்று. அடுத்த மாதம் தெருக்கிணற்றில் தண்ணீர் லேசாக நிறம் மாறிற்று. இதைச் சொல்லப் போனவர்களிடம், உலகத்திலேயே வண்ணத் தண்ணீர் குடிக்கிற குடிகள் நீங்கள்தான், இதைவிட என்ன வேண்டும் என்று அமைச்சர் கேட்டாராம். ஐந்து தெருக்காரர்களும் காத தூரம் நடந்து கண்மாயில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் செண்பகவடிவு மனு எழுதுவதை நிறுத்தினாள். சோர்ந்துபோய் நிறுத்தவில்லை. அவளுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது.

அரசாங்க வேலையில் சேருகிற அன்று தோட்டக்காரர்களுக்கு விதிகளை வாசித்துக் காட்டுவார்கள். வாசிப்பவரும் கவனிப்பதில்லை, கேட்பவரும் கவனிப்பதில்லை. அவளுக்கு மட்டும் நாற்பத்தோராவது விதி மனதில் தங்கியிருந்தது. மன்னரின் வெறும் பாதம் பட்ட மண்ணைக் குடிகள் மிதிக்கக் கூடாது. பாதத்தின் பெருமை மண்ணுக்குள் ஏழு முழம் இறங்குவதால், ஏழு முழ ஆழத்துக்கு அதை வெட்டியெடுத்து அரண்மனையில் சேர்க்க வேண்டும். பழைய விதிதான். அதற்குப் பயந்தே மன்னர்கள் எங்கே போனாலும் நடைபாவாடை விரிக்கும் வழக்கம் வந்தது. துணி விரித்து விரித்து மூன்று தலைமுறை ஆனதில், எதற்காக விரிக்கிறோம் என்பது எல்லோருக்கும் மறந்துபோயிற்று. துணி மட்டும் நின்றது.

தேர்தல் ஆண்டு அது. சென்ற தேர்தலில் மன்னருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் வாக்களித்திருந்தார்கள். மீதி இரண்டு பேர் யார், அவர்களுக்கு என்ன குறை என்று மன்னர் ஐந்தாண்டாக உருகிக்கொண்டிருந்தார். செண்பகவடிவு நேரே அமைச்சரைப் போய்ப் பார்த்தாள். இன்னொரு மனுவோ என்று அவர் முகம் சுளித்தார்.

“மனு இல்லீங்க ஐயா. மகாராசா காலு எங்க மண்ணுல ஒரு தடவை படணும்னு சனங்க ஏங்குறாங்க. எங்க போனாலும் துணிய விரிச்சுடுறீங்க. துணி பண்ணுன புண்ணியம்கூட நாங்க பண்ணலியா?” என்றாள்.

அமைச்சர் எழுந்தே நின்றுவிட்டார். அந்த இரண்டு பேரைப் பிடிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று அவருக்கு உடனே விளங்கியது. மக்களோடு மக்களாக வெறுங்காலில் மன்னர்! நாள் குறித்தார்கள். பூங்காவின் மண் சர்க்கரை என்று அறிக்கையே இருந்ததால் யாருக்கும் எந்த யோசனையும் வரவில்லை.

மன்னர் எந்த வழியாக நடக்க வேண்டும் என்பதைத் தோட்டக்காரியிடமே விட்டார்கள். பழைய கழிவுக் குழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவளுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். செடி கருகிய இடம் எல்லாம் குழி, அவ்வளவுதான். ஐந்து தெருப் பெண்களும் சேர்ந்து அந்தப் பரப்பு முழுக்கப் புள்ளி வைத்தார்கள். பிறகு சிக்குக் கோலம் போட்டார்கள். தொடங்கின இடத்திலிருந்து கம்பி விடாமல் வளைந்து நெளிந்து, ஒரு புள்ளியைக்கூட விட்டுவிடாமல் சுற்றி, தொடங்கின இடத்துக்கே வந்து சேருகிற கோலம். சின்னக் கோலத்தையே போட்டு முடிக்கப் பெண்களுக்கு இடுப்பு ஒடியும். இது நாற்பத்தொரு புள்ளிக் கோலம்.

மன்னர் வந்தார். பல்லக்கிலிருந்து இறங்கிப் பாதக்குறடைக் கழற்றினார். கூட்டத்தில் சிலர் உண்மையிலேயே அழுதார்கள். கோலத்தின் கோட்டிலேயே நடக்க வேண்டும், பாதியில் விட்டால் கம்பி அறுந்துவிடும், அது நாட்டுக்கு ஆகாது என்று செண்பகவடிவு கைகட்டிச் சொன்னாள். மன்னர் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே தொடங்கினார். பத்தாவது வளைவில் சிரிப்பு நின்றது. இருபதாவது வளைவில் வேர்த்துக் கொட்டியது. நடக்கிறோமா, வந்த வழியே திரும்புகிறோமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அமைச்சர் ஓரமாக ஓடி ஓடி, இந்த வளைவு மன்னரின் தொலைநோக்கு, இந்த வளைவு மன்னரின் கருணை என்று மக்களுக்கு விளக்கிக்கொண்டு வந்தார். ஒன்றரை நாழிகை கழித்து மன்னர் தொடங்கின இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, குழியின் மேல் அவர் மிதிக்காத இடம் என்று உள்ளங்கை அகலம்கூட மிச்சம் இல்லை.

பல்லக்கு போனதும் செண்பகவடிவு அமைச்சரிடம் நாற்பத்தோராவது விதியை நினைவுபடுத்தினாள். ஏட்டைக் கொண்டுவந்து பார்த்தார்கள். இருந்தது.

“ஏழு முழம் எதற்கு? நான்கு முழம் போதாதா?” என்று ஓர் இளநிலை அதிகாரி கேட்டார்.

“மன்னரின் பெருமை நான்கு முழத்தோடு நின்றுவிடுகிறது என்கிறீரா?” என்றார் அமைச்சர். அந்த அதிகாரியை அன்றைக்கே உப்பளத்துக்கு மாற்றிவிட்டார்கள். 

முந்நூறு படைவீரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். கைக்கும் காலுக்கும் துணி சுற்றிக்கொள்ளாமல் இறங்கக் கூடாது என்று செண்பகவடிவு பிடிவாதமாக நின்றாள். மன்னர் மிதித்த மண்ணை வெறுங்கையால் தொடலாமா என்று கேட்டதும் மறுபேச்சில்லாமல் சுற்றிக்கொண்டார்கள். இரண்டு சாண் செம்மண்ணுக்குக் கீழே ஊதாச் சேறு வந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. அமைச்சர் குனிந்து பார்த்தார். ஒரு கணம் விழித்தார். பிறகு கையை உயர்த்தி, மன்னரின் பாதம் பட்டு மண்ணே அரச வண்ணம் அடைந்துவிட்டது என்று அறிவித்தார். கூட்டம் வாழ்க என்றது. ஐந்து தெருக்காரர்கள் மற்றவர்களைவிடச் சத்தமாகவே வாழ்க என்றார்கள். அவர்கள் அவ்வளவு மனதார வாழ்த்தியது அதுதான் முதல் தடவை.

ஊதா மண் வண்டி வண்டியாக, மேளதாளத்தோடு அரண்மனைக்குப் போயிற்று. குழியை நிரப்ப யாரும் அரசாங்கத்தைக் கேட்கவில்லை. கோடையில் கண்மாய் வற்றிக் கிடந்தது. ஐந்து தெருவும் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளி வந்து கொட்டியது. இருபத்தெட்டு நாள் வேலை. மதியத்தில் எல்லோரும் மரநிழலில் உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். முதல் மழைக்குப் புல் தானாக முளைத்தது. ஒருநாள் செண்பகவடிவு பாத்தி கொத்தும்போது மண்ணுக்குள்ளே ஒரு மண்புழு நெளிந்தது. அவள் கொத்தைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்குத் திருமணத்தன்றுகூட வந்ததில்லை. பிள்ளைகளின் பாதம் ஆறிற்று, காவலருக்குத் திருப்பிப் பார்க்க வேலை இல்லாமல் போயிற்று. மழை நின்று இரண்டு மாதத்தில் கிணறும் தெளிந்தது.

தேர்தலில் மன்னருக்கு நூற்றுக்கு நூறு பேர் வாக்களித்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அரண்மனையைத் தவிர.

அரண்மனையில் பாதமண்ணைக் கிழக்கு மண்டபத்தில் குவித்திருந்தார்கள். இடம் போதாமல் உள்முற்றத்திலும் குவித்தார்கள். அமைச்சரவை கூடும்போதெல்லாம் ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வது என்று ஆயிற்று. ஒரு மாதத்தில் அமைச்சர்கள் அனைவருக்கும் நெற்றி சிவந்து தோல் உரிந்தது. உரியாதவர் மண் இடவில்லை என்று பொருள். ஆகவே உரியாதவரும் தேய்த்துத் தேய்த்து உரித்துக்கொண்டார்கள். அரண்மனைத் தோட்டம் கருகியது. மன்னருக்கு இரவும் பகலும் உடம்பு அரித்தது. மண்ணினால்தான் என்று சொல்ல எந்த வைத்தியருக்குத் துணிச்சல் வரும்? மக்கள் அன்பின் உஷ்ணம் என்று சொல்லி மோர் கொடுத்தார்கள்.

கடைசியில் அரண்மனையையே வேறு இடத்துக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. நாட்டிலேயே நல்ல மண் எங்கே இருக்கிறதோ அங்கே புது அரண்மனை. சாந்தலிங்கனார் ஊரெல்லாம் சுற்றினார். மன்னர் குடியிருக்கப் போகிற மண் என்பதால் இந்தத் தடவை உண்மையாகவே கையில் எடுத்துப் பார்த்தார். குடிமகிழ் பூங்காவுக்கு வந்து ஒரு பிடி அள்ளினார், முகர்ந்தார், ஆகா என்றார்.

மறுநாள் அமைச்சர் நெற்றியில் கட்டோடு வந்து இறங்கினார். இந்தப் பூங்காவில் அரண்மனை எழும்பும் என்றும், மன்னரின் சன்னலுக்கு மறைப்பாக இருப்பதால் ஐந்து தெருவும் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் வாசித்தார். குடிகளுக்குக் கிடைத்த பெரும் பேறு என்று முடித்தார். வழக்கப்படி கைதட்டுவார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் தட்டவில்லை.

 வண்டல் சுமந்த ஒவ்வொரு கூடையும் செண்பகவடிவின் கண்முன் வந்து போயிற்று. விதியில் தேடினால் இதற்கு ஒன்றும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அவள் சுற்றிவளைத்துப் பேசியதுண்டே தவிர, பிறந்ததிலிருந்து நேர்ப் பொய் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை என்பதல்ல, வாய் வராது. அன்றைக்கு வந்தது.

“ஐயா, மகாராசா நல்லா இருக்கணும். அதனால சொல்றேன். இது நல்ல மண்ணு இல்லீங்க. சாயக் கழிவு ஊத்துன மண்ணு. இப்பவும் மழை பேஞ்சா ஊதாவா கசியுது. பிள்ளைகளுக்குக் கால்ல புண்ணு.”

பின்னால் நின்றவர்களுக்கு ஒரு நொடிதான் பிடித்தது. பிறகு ஐந்து தெருவும் ஆமாம் என்றது. புண் ஆறவே இல்லை என்றாள் ஒருத்தி. கிணறு இன்னும் நிறமாகத்தான் இருக்கிறது என்றார் ஒருவர். பூரணி யாரும் சொல்லாமலே ஒரு காலைத் தூக்கி நொண்டினாள். முன்னே எழுதின முப்பத்தாறு மனுவும் அரசாங்கத்திடமே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்றாள் செண்பகவடிவு.

எடுத்துப் பார்த்தார்கள். முப்பத்தாறும் நூல் கட்டி, தூசி தட்டாமல், பத்திரமாக இருந்தன. முதல் மனுவைத் தவிர மற்றதை எல்லாம் அன்றைக்குத்தான் பிரித்தார்கள். அமைச்சர் படிக்கப் படிக்க வெளிறிப்போய், சாந்தலிங்கனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த மண் தூயது என்று உமது தலையைப் பிணை வைத்துச் சொல்வீரா?”

சாந்தலிங்கனார் தம் கையைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், தலையைத் தடவிப் பார்த்தார். அரை நாழிகையில் அறிக்கை தயாராயிற்று. பூங்காவின் மண் கொடிய நஞ்சு. முன்பும் நஞ்சு. இன்னும் நூறாண்டுக்கு நஞ்சாகவே இருக்கும்.

அன்று மாலைக்குள் வேலி வந்தது. அரச குடும்பத்தினரோ அதிகாரிகளோ அந்த இடத்துக்கு இருநூறு அடி தூரத்துக்குள் வரக் கூடாது என்று ஆணை பிறந்தது. குடிகளைப் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை. அவர்கள் போகலாம் என்றோ கூடாது என்றோ எழுத யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் வேலிக்கு அடியில் நுழைந்து உள்ளே போய் எப்போதும்போல ஓடி விளையாடினார்கள்.

மூன்றாண்டாகத் தன் கண்ணால் கண்டதை முப்பத்தாறு முறை சொன்னபோது அசையாத அரசாங்கம், ஒரு பொய்க்கு இப்படி விழுந்தடித்து ஓடுகிறதே என்று செண்பகவடிவுக்கு வியப்பாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வருத்தமாக இல்லை.

அடுத்த மாதம் அவளை வரச் சொல்லி ஆள் வந்தான். வேலிக்கு வெளியே, இருநூறு அடிக்கு இன்னும் ஐம்பது அடி சேர்த்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மன்னரின் உயிரைக் காத்தவள் என்று அவளைப் புகழ்ந்து, நெடுமாட நாட்டின் மிக உயர்ந்த விருதை அமைச்சர் அவளுக்கு அணிவித்தார். “வாய்மைச் செல்வி” என்பது பட்டம். நாட்டில் இதுவரை யாருக்கும் அதைக் கொடுக்க நேர்ந்ததில்லையாம்.

அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. வெயில் ஏறுவதற்குள் பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, வேலிக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.